குலுக்கிய பாலும் கொட்டிய பாலும்

மருந்தக்கா பொடி மருந்து கலக்குவதை ஒருதரம் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கைக்குழந்தைகளுக்கான பொடி மருந்துப் புட்டியை எடுத்ததும் முதலில் அதன் அடியில் விரலால் நாலு தட்டு தட்டுவாள். கட்டிக்கொண்டிருக்கும் பொடி உதிர வேண்டும் அல்லவா. பிறகு காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், புட்டியில் போட்டிருக்கும் கோடு வரை. கோட்டைத் தாண்டி ஒரு சொட்டு போகாது, கோட்டுக்குக் கீழேயும் நிற்காது. மூடியை இறுக்கித் திருகிவிட்டு ஒரு குலுக்கு குலுக்குவாள் பாருங்கள், தோள்பட்டை, முழங்கை, மணிக்கட்டு மூன்றும் சேர்ந்து வேலை செய்யும். கவுண்டர் கண்ணாடி அதிரும். "போதும்மா, கடை விழுந்துடப் போகுது" என்று உள்ளேயிருந்து முதலாளி குரல் கொடுப்பார். அவள் நிறுத்த மாட்டாள். புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒரு கட்டிகூட இல்லை என்று தெரிந்த பிறகுதான் வாங்க வந்தவர் கையில் கொடுப்பாள்.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் அந்த மருந்துக்கடையில் அவளுக்கு ஒன்பது வருடம். எந்த டாக்டரின் கிறுக்கலையும் படித்துவிடுவாள். சில டாக்டர்கள் தாங்கள் எழுதியதைத் தாங்களே படிக்க முடியாமல் அவளுக்குப் போன் செய்து கேட்டதாகக்கூட ஒரு பேச்சு உண்டு. அவள் அதை மறுத்ததும் இல்லை. டாக்டர் சொன்னதை எல்லாம் கேட்டுத் தலையாட்டிவிட்டு, கடைக்கு வந்து, "அக்கா, இது சரிதானே?" என்று ஒரு வார்த்தை கேட்டால்தான் அந்தத் தெருக்காரர்களுக்கு மாத்திரை தொண்டையில் இறங்கும்.

கவுண்டரில் அவளுக்கு மனப்பாடமாக இரண்டு வசனங்கள் இருந்தன. "நடுவுல நிறுத்தக் கூடாது, முழுசா முடிக்கணும்" என்பது ஒன்று. இன்னொன்று, குழந்தை பெற்றவளுக்கு மருந்து வாங்க வருகிறவர்களிடம் சொல்வது: "எதுக்கும் இது முடியுற வரைக்கும் பால் கொடுக்க வேணாம்னு சொல்லுங்க."

முதல் வசனத்தை அவள் படித்துக் கற்றாள். இரண்டாவதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் முதலாளி சொல்லிக்கொடுத்தது அது. "சந்தேகமா இருந்தா வேணாம்னு சொல்லிடும்மா. வேணாம்னு சொன்னதுக்காக இதுவரைக்கும் எவனும் சண்டைக்கு வந்ததில்ல" என்றார் அவர். அது அவளுக்கு நியாயமாகவே பட்டது. எந்த மருந்து, எந்தக் குழந்தை என்று பார்க்காமல் ஒன்பது வருடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னாள், அதில் சந்தேகமே இல்லை.

அப்புறம் அவளுக்கே ஒரு குழந்தை பிறந்தது. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துப் பிறந்த பெண். அழ ஆரம்பித்தால் மூன்று மாடிக்கும் கேட்கும் என்பதால் அப்பன்காரன் வைத்த பெயர் சைரன். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிற உயரமான கட்டடங்களில் எல்லாம் லிஃப்டை ஓட வைத்துவிட்டு, லிஃப்டே இல்லாத தன் கட்டடத்தின் மூன்று மாடியையும் தினம் நடந்து ஏறுகிறவன். "டாக்டர் வீட்ல காய்ச்சல் வராதா, அது மாதிரிதான்" என்பான் யாராவது கிண்டல் செய்தால்.

மருந்தக்காவுக்குப் பால் நிறைய சுரந்தது. அதில் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு பக்கம் குழந்தை குடிக்கும்போது மறுபக்கம் சட்டை நனையும். கடையில் ஒன்பது வருடம் பால்பவுடர் டின்னை எடுத்துக் கொடுத்தவள், தன் வீட்டுக்குள் அந்த டின் நுழையாது என்று மனதுக்குள் ஒரு சபதமே செய்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஏழாவது வாரத்தில் ஒரு காலை, இடது மார்பு கல்லாக இறுகிப்போய்விட்டது. தொட்டால் உயிர் போனது. தோலில் சிவப்பு படர்ந்து, பத்து மணிக்கெல்லாம் போர்வைக்குள் பல் கிட்டியது. மெக்கானிக் லீவு சொல்லிவிட்டு அவளை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனான்.

"பால் கட்டிக்கிட்டு கிருமி சேர்ந்திருக்கு. பத்து நாள் மாத்திரை எழுதியிருக்கேன். குழந்தைக்குத் தாராளமா கொடுங்க, ரெண்டு பக்கமும் கொடுங்க" என்றார் டாக்டரம்மா. வாசலில் இருபது பேர் காத்திருந்தார்கள். மருந்தக்கா தலையாட்டிவிட்டு வந்தாள். எல்லோரும் அவளிடம் வந்து கேட்பார்களே, "இது சரிதானே?" என்று, அந்தக் கேள்வியை இப்போது அவள் கேட்க ஆளில்லை.

ஒன்றரை நாள் ஒழுங்காகத்தான் கொடுத்தாள். இரண்டாம் நாள் சாயங்காலம் குழந்தைக்கு வயிற்றால் தண்ணியாகப் போனது, கொஞ்சம் பச்சையாக. முகத்தைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் முனகவும் செய்தது. மருந்தக்கா மாத்திரைப் பெட்டியைத் திறந்து, உள்ளே எட்டாக மடித்து வைத்திருந்த காகிதத்தை வெளியே எடுத்தாள். எறும்புகள் படிப்பதற்காக அச்சடித்தது போன்ற எழுத்து. ஜன்னலோரம் நின்று தேடி அந்த வரியைப் பிடித்துவிட்டாள். மருந்து தாய்ப்பாலில் சிறிதளவு கலக்கும், பாலூட்டும் தாய்மார்கள் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும்.

ஊருக்கெல்லாம் எதுக்கும் வேணாம் என்று சொன்னவள், தன் குழந்தைக்கு மட்டும் ஒன்றரை நாள் ஊட்டிவிட்டாள்.

"டாக்டரம்மாதான் கொடுக்கலாம்னு சொன்னாங்கல்ல?" என்றான் மெக்கானிக்.

"அவங்க அவசரத்துல சொல்லியிருப்பாங்க. இது என் வேலைங்க. எனக்குத் தெரியாதா?"

லிஃப்ட் கயிற்றைப் பற்றி அவள் ஏதாவது சொன்னால் அவன் கேட்பானா. அவள் வேலை செய்த கடையிலிருந்தே ஒரு டின்னும் ஒரு பால்புட்டியும் வாங்கிக்கொண்டு வந்தான். சபதம் போயிற்று. எட்டு நாள்தானே, மாத்திரை முடிந்ததும் பழையபடி கொடுத்துவிடலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். அதுவரை பால் வற்றாமலிருக்க, கையால் பிழிந்து டம்ளரில் எடுத்துத் தொட்டியில் ஊற்றினாள். ஊற்றிவிட்டுக் குழாயைத் திறந்துவிடுவாள், அது போவதைப் பார்க்காமலிருக்க.

அங்கேதான் வினையே ஆரம்பித்தது. புட்டிப்பால் குடித்த முதல் நாளிலிருந்து குழந்தைக்கு வயிறு பானையாக உப்பியது. குடித்து முடித்துக் கால்மணி ஆகாது, காலிரண்டையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டு முகம் சிவக்க வீறிடும். உடம்பை வில்லாக வளைக்கும். இரண்டு சின்னக் கையும் முஷ்டியாக இறுகிவிடும். அந்த முஷ்டியைப் பார்க்கும்போதுதான் அவளுக்கு நெஞ்சு உடைந்தது. கடையில் டஜன் கணக்கில் விற்ற வாயு சொட்டு மருந்தை வாங்கிவரச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தாள். குழந்தை அதையும் நக்கிவிட்டு அழுதது. தோளில் போட்டு நடந்தாள். சைரன் ஒலித்தபடியே இருந்தது.

"அந்த ஒன்றரை நாள் மருந்து இன்னும் அவ உடம்புல இருக்கு" என்றாள் புருஷனிடம். "நான்தான் கொடுத்தேன்."

டம்ளரில் விழும் பாலும் குறைந்துகொண்டே வந்தது. முதல் நாள் மூன்று விரல் உயரம், மறுநாள் இரண்டு, நான்காம் நாள் ஒன்றுகூட இல்லை. வலியெடுத்த இடது பக்கம் சரியாகப் பிழியவும் முடியவில்லை. மாத்திரையால் காய்ச்சல் இறங்கியிருந்ததே தவிர அந்தக் கல் கரையவில்லை. ஆசையில் ஒருதரம் குழந்தையை மார்பருகே கொண்டுபோனாள், சும்மா, முகம் மட்டும் படட்டும் என்று. குழந்தை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. புட்டிதான் தனக்குச் சோறு என்று அது அதற்குள் முடிவு கட்டிவிட்டது. பத்து நாள் முடியும்போது கொடுக்கத் தன்னிடம் எதுவும் மிச்சமிருக்காது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நிறுத்திவிட்டால் நாளைக்கே பால் கொடுக்கலாம். ஆனால் முழுசா முடிக்கணும் என்று ஆயிரம் பேரிடம் சொன்ன வாய் அவளுடையது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த மாத்திரையைப் பிரித்து விழுங்கினாள்.

ஆறாம் நாள் மத்தியானம் தையல்காரி மாடியேறி வந்தாள். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் மெஷின் போட்டுத் தைக்கிறவள். பால் கொடுக்க வசதியாக முன்பக்கம் திறக்கும்படி நாலு நைட்டியை மாற்றித் தரச் சொல்லி மருந்தக்கா கொடுத்திருந்தாள், அதைத்தான் கொண்டுவந்திருந்தாள். இப்போது அந்த நைட்டிக்கு என்ன தேவை இருக்கிறது என்று நினைத்த மருந்தக்கா அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"வைச்சிட்டுப் போம்மா" என்பதற்குள் சைரன் ஒலித்தது. பால் நேரம். தையல்காரி குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்ள, மருந்தக்கா புட்டியை எடுத்தாள். ஆறிய வெந்நீர் கோடு வரை, அளவுக் கரண்டியில் தலைதட்டிப் பவுடர். அடியில் விரலால் நாலு தட்டு. மூடியைத் திருகி, ஒரு குலுக்கு குலுக்கினாள். காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தாலும் ஒன்பது வருடத்துக் கை அல்லவா, தோள்பட்டையிலிருந்து வந்தது வேகம். சமையல்மேடைமேல் இருந்த டம்ளர்கள் கிணுகிணுத்தன.

தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்னம்மா சிரிப்பு?"

"இல்லக்கா. பால் கலக்குறீங்களா, மருந்து கலக்குறீங்களா?"

"கட்டி இல்லாம கலக்க வேணாமா?"

"கலக்கணும். ஆனா அதைக் கொஞ்சம் பாருங்க."

மருந்தக்கா புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். எப்போதும் கட்டி இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிற கண். இன்றைக்குத்தான் மேலே பார்த்தது. புட்டியில் பாதி பால், அதற்குமேல் இரண்டு விரல் கனத்துக்கு நுரை, சோப்பு போட்டுத் துவைத்த வாளி மாதிரி.

"அவ்வளவு காத்தும் எங்கக்கா போகும்? இவ வயித்துக்குத்தானே" என்றாள் தையல்காரி. "அழற குழந்தைன்னு உடனே வாயில வைச்சிடுறீங்க. நுரை அடங்கவே விட மாட்டீங்கபோல."

மருந்தக்கா மனதுக்குள் கணக்குப் போட்டாள். நாலு நாளாக, ஒரு நாளைக்கு எட்டு தடவை, தன் கையாலேயே பாலில் காற்றை அடைத்து அடைத்துக் குழந்தைக்கு ஊட்டியிருக்கிறாள். மருந்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு.

தையல்காரி குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டுப் புட்டியை வாங்கிக்கொண்டாள். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து மெல்ல உருட்டினாள். மேஜைமேல் வைத்தாள். குழந்தை கத்தியது. "கத்தட்டும், ரெண்டு நிமிஷத்துல ஒண்ணும் ஆகாது" என்று அதன் முதுகைத் தடவிக்கொண்டு, நுரை அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு குழந்தையை வாங்கிக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்து, காம்பு முழுக்கப் பால் நிறையும்படி புட்டியைச் சாய்த்துக் கொடுத்தாள். நடுநடுவே நிறுத்தி, தோளில் போட்டுத் தட்டினாள். ஒரு ஏப்பம் வந்தது. பெரிய ஆள் விடுகிற ஏப்பம்.

குடித்து முடித்துக் கொஞ்ச நேரம் தோளிலேயே வைத்திருந்துவிட்டு, குழந்தையைப் படுக்க வைத்து இரண்டு காலையும் பிடித்து மெதுவாக மிதிக்க வைத்தாள். "இங்க பாருங்க, மெஷின் ஓட்டுறா. நல்லா ஓட்டு, நாளைக்கு நாலு ஜாக்கெட் டெலிவரி இருக்கு." தொப்புளைச் சுற்றி உள்ளங்கையால் வட்டமாகத் தடவினாள். அப்புறம் குழந்தையைத் தன் முன்னங்கையில் குப்புறப் போட்டு, தலை முழங்கையிடம் வர, கால் இரண்டும் தொங்க, மெல்ல ஆட்டினாள். துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். இன்னொன்று. இவ்வளவு சின்ன உடம்பில் இத்தனை பெரிய சத்தம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். குழந்தையின் முஷ்டி மெல்ல மெல்ல அவிழ்ந்து, ஐந்து விரலும் தையல்காரியின் கைமேல் தளர்ந்து கிடந்தன.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் மருந்தக்கா. சிரித்ததில் கண்ணில் தண்ணீர் நின்றது.

"என் பொண்ணு முழுக்கப் புட்டிலதானேக்கா வளர்ந்தா. எனக்குப் பால் வத்திப்போச்சு." குழந்தையை ஆட்டியபடியே சொன்னாள். "முதல்ல நிறையத்தான் இருந்துச்சு. அவளுக்கு நாலு மாசம் இருக்கும்போது எனக்குப் பல்லு வீங்கி, ஏழு நாள் மாத்திரை. நீங்கதானே எடுத்துக் கொடுத்தீங்க. எதுக்கும் பால் கொடுக்க வேணாம்னு சொன்னீங்க. நல்ல வேளை சொன்னீங்க, இல்லன்னா நான் பாட்டுக்குக் கொடுத்திருப்பேன். பிழிஞ்சு பிழிஞ்சு ஊத்தினேன். எட்டாம் நாள் கொடுத்தா அவ வாங்கவே இல்ல. அப்புறம் நின்னே போச்சு. எங்க வீட்ல எல்லாரும் எனக்கு உடம்புல சத்து இல்லன்னாங்க. இருக்கும், நான் அப்ப ஒல்லியா வேற இருந்தேன்."

மருந்தக்கா எவ்வளவோ யோசித்துப் பார்த்தாள். தையல்காரிக்கு மாத்திரை கொடுத்தது நினைவுக்கு வரவில்லை. அந்த வார்த்தையைச் சொன்னதும் நினைவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மாதாமாதம் அவள் வந்து டின் வாங்கிப்போனது நன்றாக நினைவிருந்தது. ஒருநாள்கூட ஏன் என்று கேட்டதில்லை. டின்னைத் துடைத்துப் பையில் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

அன்று சாயங்காலமே டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தாள். டாக்டரம்மா இடது பக்கத்தைத் தொட்டுப் பார்த்ததும் புருவத்தைச் சுருக்கினார்.

"சீழ் வைக்கல, அதுவரைக்கும் தப்பிச்சீங்க. ஆனா இந்நேரம் கரைஞ்சிருக்கணுமே. குழந்தை நல்லாக் குடிக்குதா?"

"நான் கொடுக்கல டாக்டர். நிறுத்திட்டேன். மாத்திரை சாப்பிடுறேன்ல."

"கொடுங்கன்னுதானே சொன்னேன். யாரு நிறுத்தச் சொன்னது?"

"மருந்துக்கடையில."

டாக்டரம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "வாரத்துக்கு ரெண்டு பேராவது இதையே சொல்லிக்கிட்டு வராங்க. எந்தக் கடை? அந்த ஆளை ஒருநாள் கூட்டிட்டு வாங்க, நான் பேசிக்கிறேன்."

"வந்திருக்கேன் டாக்டர்" என்றாள் மருந்தக்கா. "நான்தான்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். பக்கத்தில் நின்ற மெக்கானிக் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டான். டாக்டரம்மா அடுத்துக் கேட்டபோது குரலில் கோபம் இல்லை.

"இதே மருந்தைக் கைக்குழந்தைகளுக்குப் பொடியா எழுதுறோமே, கடையில நீங்கதானே கலக்கிக் கொடுக்கிறீங்க?"

"ஆமா டாக்டர்."

"பிறந்து ஒரு மாசமான குழந்தைக்குக்கூட அதை நேரா வாயில ஊத்துறாங்க. உங்க பால் வழியாப் போறது அதுல துளி. அது ஒண்ணும் பண்ணாது. சில குழந்தைக்குக் கொஞ்சம் தண்ணியாப் போகும், தானா நின்னுடும். கொடுக்கக் கூடாத மருந்தும் சிலது இருக்கு, இல்லன்னு சொல்லல. அதுக்குத்தான் ஒவ்வொண்ணையும் கேட்கணும். கேட்டா மாத்தி எழுதிக் கொடுப்போம். நீங்க எல்லாத்துக்கும் ஒரே பதில் வைச்சிருக்கீங்க."

மருந்தக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அதே மருந்து. அதே பெயர், அதே நிறுவனம், பெட்டியின் நிறம்கூட அதே. எத்தனை புட்டி தட்டியிருப்பாள், குலுக்கியிருப்பாள், "தைரியமாக் கொடுங்க, குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது" என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள். கவுண்டரின் இந்தப் பக்கம் வந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

"இனிமே கொடுத்தா வருமா டாக்டர்?" அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"குழந்தை குடிக்கக் குடிக்க வரும். அவளை வாங்க வைக்கிறதுதான் கஷ்டம். பசி ஏறி அழறதுக்கு முன்னாடியே வைங்க. துணி இல்லாம நெஞ்சோட போட்டுக்கிட்டே இருங்க. அவசரப்படாதீங்க. புட்டியைப் படிப்படியாக் குறைக்கலாம், பட்டினி போட வேணாம். ரெண்டு நாள்ல அந்தக் கட்டி குறையலன்னா திரும்ப வந்து காட்டணும். மாத்திரையை நடுவுல நிறுத்தாம..."

"முழுசா முடிக்கணும்" என்றாள் மருந்தக்கா. டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

ஏழாம் நாள் முழுக்கக் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. வைப்பாள், அது ஒரு சப்பு சப்பிவிட்டு, என்னைப் பார்த்தால் ஏமாளியாகத் தெரிகிறதா என்பது போல முறைத்துவிட்டுக் கத்தும். மருந்தக்கா அழுதாள். மெக்கானிக் சமையலறையில் நின்று பாலை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தான். குலுக்கும் வேலை அவளிடமிருந்து பறிக்கப்பட்டிருந்தது. "நுரை அடங்கிடுச்சா, அடங்கிடுச்சா" என்று ஐந்து தடவை வந்து புட்டியைக் காட்டுவான், பரீட்சைத் தாளைக் காட்டுகிற பையன் மாதிரி. வயிற்று உப்பலும் பழைய அளவுக்கு இல்லை. வரும், காலை மிதிக்க வைத்தால் போகும்.

எட்டாம் நாள் காலை வெயில் கட்டிலில் பாதிக்கு வந்திருந்தது. குழந்தை அவள் வெறும் நெஞ்சின் மேல் அரைத்தூக்கத்தில் கிடந்தது. சின்ன வாய் தானாக எதையோ தேடியது, நெஞ்சில் இடித்தது, வழுக்கியது, மறுபடி தேடியது. மருந்தக்கா மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தாள். உதவி செய்யக் கை பரபரத்தது. ஒன்பது வருடமாகச் சும்மா இருக்கத் தெரியாத கை. அதை இழுத்துத் தொடைக்கு அடியில் போட்டு அழுத்திக்கொண்டாள். குழந்தை இடது பக்கம் வந்து, வாயைப் பெரிதாகத் திறந்து, பிடித்துக்கொண்டது. கல்லாக இருந்த இடத்திலிருந்து ஊசி குத்துவது போல வலித்து, பிறகு ஏதோ உருகி இறங்கியது. குழந்தையின் தொண்டையில் விழுங்கும் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. அதற்குப் பிறகு அவளால் எண்ண முடியவில்லை. சட்டைப் பித்தானைப் போட்டபடி வாசலுக்குக் கிளம்பிய மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டு, பை தோளில் தொங்க, அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். அன்று எந்தக் கட்டடத்திலோ எவரெவரோ அவனுக்காகக் காத்திருந்திருப்பார்கள்.

பத்தாம் நாள் கடைசி மாத்திரையை விழுங்கிவிட்டு, மருந்தக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். ஒவ்வொரு படியிலும் திரும்பிவிடலாமா என்றிருந்தது. தையல்காரி நன்றாகத்தானே இருக்கிறாள். அவள் பெண் துறுதுறுவென்று ஓடி விளையாடுகிறாள். நல்ல வேளை சொன்னீங்க என்று நன்றி வேறு சொன்னாள். இதைப் போய்ச் சொல்லி யாருக்கு என்ன கிடைக்கப் போகிறது. ஆனால் உடம்புல சத்து இல்லன்னாங்க என்று சிரித்துக்கொண்டே சொன்னாளே, அதை மருந்தக்காவால் விழுங்க முடியவில்லை.

தையல்காரி ஒரு பாவாடைக்குக் கரை அடித்துக்கொண்டிருந்தாள். மருந்தக்கா ஸ்டூலில் உட்கார்ந்து, எதையும் மறைக்காமல் சொன்னாள். "உனக்கு எந்த மாத்திரை கொடுத்தேன்னு எனக்கு ஞாபகம் வரல. கடைக்குப் போன் பண்ணி முதலாளியைப் பழைய பில்லைத் தேடச் சொன்னேன், கிடைச்சுது. டாக்டரம்மாகிட்டயும் கேட்டுட்டேன். அதுக்கும் பால் கொடுத்திருக்கலாம்மா. நான்தான் தெரியாம சொல்லிட்டேன். உன் உடம்புல எந்தக் குறையும் இல்ல. ஏழு நாள் நிறுத்தினா யாருக்கும் அப்படித்தான் ஆகும். எனக்கே நாலு நாள்ல ஆகப் பார்த்துச்சு."

மெஷின் நின்றது. தையல்காரி ஊசிக்கு அடியிலிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது. அவள் பெண் வந்து மடியில் ஏறப்போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

"அக்கா, நீங்க போங்க" என்றாள் கடைசியில். "எனக்கு ரெண்டு நாள் உங்க மேல கோபமா இருக்கணும். இருந்துட்டு வரேன்."

"சரிம்மா" என்று மருந்தக்கா எழுந்து வந்தாள்.

அந்த இரண்டு நாளும் மாடியில் நின்றால் கீழே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. வழக்கத்தைவிட வேகமாக ஓடியது. மருந்தக்கா கடைக்குப் போன் செய்து, தான் திரும்பி வருகிறவரைக்கும் பால் கொடுக்கிற யாருக்கும் எதுவும் சொல்லாமல் டாக்டரையே கேட்கச் சொல்லும்படி முதலாளியிடம் சொன்னாள். "வேணாம்னு சொன்னா யாரும் சண்டைக்கு வரமாட்டாங்கம்மா" என்று அவர் பழைய பாட்டையே பாடினார். "வராம இருந்ததுதான் சார் தப்பாப் போச்சு" என்றாள் அவள்.

மூன்றாம் நாள் மத்தியானம் கதவு தட்டப்பட்டது. தையல்காரி உள்ளே வந்தாள், செருப்பைக் கழற்றினாள், கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தாள். மருந்தக்கா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், தையல்காரி மாற்றித் தந்த அந்த நைட்டியில். குழந்தை ஒரு கையால் அதன் விளிம்பைப் பற்றிக்கொண்டு குடித்தது. இருவரும் அந்த விழுங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப என் பால் நல்லாத்தான் இருந்திருக்கு" என்றாள் தையல்காரி.

"நல்லாத்தான் இருந்துச்சு."

"ஏழு நாளும் ஊத்தினேனே, அதுவும்?"

"அதுவும் நல்ல பால்தாம்மா" என்றாள் மருந்தக்கா.

தையல்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குழந்தை குடித்து முடித்ததும், கேட்காமலே கையை நீட்டி வாங்கி, தோளில் போட்டு, ஏப்பம் வரும்வரை தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.